உடல் எடையைக் குறைக்க விரதம் வேண்டாம், பழக்கம் வேண்டும்

ஒவ்வொரு வருடமும் தை மாதம் பிறக்கும்போது எம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். நத்தார், புதுவருட விருந்துகள் முடிந்திருக்கும். போன வருடம் அளவாக இருந்த குளிர்கோட்டைப் பூட்ட முடியாமல் இருக்கும். "இந்த முறை கட்டாயம் மெலியத்தான் வேணும்" என்ற தீர்மானம் அப்போது பிறக்கும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தலைவியும் அப்படித்தான் ஒரு தை மாதம் தொடங்கினார். சோறு இல்லை, பாண் இல்லை, சீனி இல்லை. இரவில் வெறும் சூப் மட்டும். பங்குனி மாதம் வருவதற்குள் ஆறு கிலோ குறைந்துவிட்டது. கண்டவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். சித்திரையில் ஒரு கலியாண வீடு வந்தது. ஒரு றோல்ஸ் சாப்பிட்டார். "கட்டுப்பாடு உடைஞ்சு போச்சுதானே, இனி என்ன" என்று பந்தியிலும் இருந்தார். அடுத்த நாள் புட்டு, அதற்கடுத்த நாள் கொத்துரொட்டி. கோடை முடியும்போது போன ஆறு கிலோவும் திரும்பி வந்தது, கூடவே இரண்டு கிலோவையும் கூட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

அவருடைய மனதில் குறை இல்லை, அவர் தெரிவு செய்த முறையில்தான் குறை இருந்தது என்பதே எமது கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறோம், அதற்கு மாறாக என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

விரதமும் பாரணையும்

விரதம் எமக்குப் புதிதல்ல. கந்தசஷ்டி ஆறு நாள், கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள் என்று சிறுவயதிலிருந்தே பழகியவர்கள் நாம். விரதத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. முடிவில் பாரணை உண்டு. இறைவனுக்காக இருக்கும் விரதத்திற்கு இது மிகவும் பொருத்தமானது.

எடை குறைப்பதையும் நாம் இதே போல விரதமாக ஆக்கிக்கொள்கிறோம். "முப்பது நாள்", "மூன்று மாதம்" என்று கெடு வைக்கிறோம். கெடு முடிந்ததும் பாரணை வந்துவிடுகிறது. பாரணைக்குப் பிறகு பழைய சாப்பாடு, பழைய எடை. உடல் எடை என்பது வருடம் 365 நாளும் நாம் வாழும் முறையின் கணக்கு. ஆகவே 365 நாளும் செய்யக்கூடியது எதுவோ, அதுதான் நிலைத்து நிற்கும்.

உடல் ஏன் எதிர்த்து நிற்கிறது?

திடீரென்று உணவைக் கடுமையாகக் குறைத்தால் உடல் அதைப் பஞ்சம் என்றே விளங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944-45இல் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 1570 கலோரி அளவில் உணவு கொடுக்கப்பட்டது. உடல் எடையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போனது. அதோடு உடல் செலவழிக்கும் சக்தியும் குறைந்தது. கைகால் குளிர்ந்தன, சோர்வு வந்தது, சினம் வந்தது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பாகவே இருந்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஆய்வு முடிந்து தாராளமாகச் சாப்பிட விட்டபோது, வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்காமல் சாப்பிட்டார்கள்.

கவனியுங்கள், இன்று பல "டயற்" திட்டங்கள் கொடுக்கும் அளவு 1200 கலோரிதான், அதாவது மேலே சொன்ன அரைப்பட்டினியை விடவும் குறைவு. எடை குறையக் குறைய உடல் சிக்கனமாக நடக்கத் தொடங்குவதும், பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுவதும் பின்வந்த பல ஆய்வுகளிலும் தெளிவாகியுள்ளன. ஆகவே இரண்டு மாதத்தின் பின் பசி தாங்க முடியாமல் போவது கோழைத்தனம் அல்ல. உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது.

"விட்டாச்சுதானே, இனி என்ன?"

உடலைப் போலவே மனமும் ஒரு வேலை செய்கிறது. பின்னாளில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பீற்றர் ஹேர்மன் என்ற உளவியலாளர், இன்னொருவருடன் சேர்ந்து 1975இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவிகள் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிறீமைச் சுவைத்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி கேட்டார்கள். எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதே உண்மையில் பார்க்கப்பட்டது. சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க்ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிறீமைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ, மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள்! கட்டுப்பாடு ஒருமுறை உடைந்தவுடன், இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எமது குடும்பத்தலைவியின் கலியாண வீட்டு றோல்ஸும் இதே கதைதான்.

ஜேர்மனியைச் சேர்ந்த யோவாகிம் வெஸ்டன்ஹோஃபர் என்ற ஆய்வாளர் 1991இல் உணவுக் கட்டுப்பாட்டை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று இறுக்கமான கட்டுப்பாடு: "இனிப்பைத் தொடவே மாட்டேன்", "சோறு நஞ்சு" என்பது போன்றது. மற்றது நெகிழ்வான கட்டுப்பாடு: எல்லாவற்றையும் சாப்பிடுவேன், அளவு பார்ப்பேன், இன்று கொஞ்சம் கூடினால் நாளை கொஞ்சம் குறைப்பேன் என்பது. இறுக்கமானவர்களிடம் கட்டுமீறிச் சாப்பிடும் இயல்பு கூடுதலாகவும், நெகிழ்வானவர்களிடம் குறைவாகவும் இருந்தது. நெகிழ்வு என்றால் கட்டுப்பாடே இல்லை என்று பொருளல்ல. புயலில் மூங்கில் வளைந்து நிமிர்வதைப் போன்ற கட்டுப்பாடு அது.

எமது கியூபெக் மாகாணத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மொன்றியலைத் தளமாகக் கொண்ட "எக்கிலிப்ர்" என்ற இலாபநோக்கற்ற அமைப்பு, "மெலியத் தெரிவு செய்வதா?" என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயருடன் ஒரு குழுப் பயிற்சியை உருவாக்கியது. உணவுப் பட்டியல் எதுவும் கொடுக்காமல், உண்மையான பசி எது, வயிறு நிறைந்த உணர்வு எது, கவலையிலும் களைப்பிலும் சாப்பிடுவது எது என்று அடையாளம் காணப் பழக்கும் பயிற்சி அது. கியூபெக் நகரிலுள்ள லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 144 பெண்களைக் கொண்டு இதைச் சோதித்து, ஓராண்டு கழித்துக் கண்ட முடிவுகளை 2009இல் வெளியிட்டார்கள். இப்பயிற்சி அதிசயமான எடைக்குறைப்பு எதையும் தரவில்லை. ஆனால் உணவைக் கண்டதும் கை நீளும் இயல்பும், பசியின் ஆதிக்கமும் ஓராண்டு சென்ற பின்பும் குறைந்தே இருந்தன. மெலிந்தவர் மீண்டும் பருக்காமல் இருக்க வேண்டிய அடித்தளம் இதுதான்.

எமக்கு ஏன் கூடுதல் அக்கறை வேண்டும்?

"நான் அவ்வளவு மொத்தமில்லையே" என்று எம்மில் பலர் நினைப்பதுண்டு. இங்குதான் எமது சமூகம் ஏமாந்து போகிறது. தென்னாசியரின் உடலில் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேரும் இயல்பு கூடுதல். வெள்ளையரை விடக் குறைந்த எடையிலேயே எமக்கு நீரிழிவும் (சலரோகம்) இருதய நோயும் வருகின்றன. கனடாவில் ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் தென்னாசியர், சீனர், ஐரோப்பியர் ஆகியோரை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இருதய நோய் தென்னாசியரிடமே கூடுதலாகக் காணப்பட்டது.

ஆகவே எமக்குரிய அளவுகோல்களும் வேறு. உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் உடற்திணிவுச் சுட்டி (பி.எம்.ஐ) 25க்கு மேற்பட்டால் அதிக எடை என்பது பொதுக் கணக்கு. ஆசியர்கள் 23இலிருந்தே கவனமெடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. இடுப்புச் சுற்றளவு இதைவிட இலகுவானது. தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் (சுமார் 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் (சுமார் 31½ அங்குலம்) குறைவாக இருப்பது நல்லது. காற்சட்டை அளவை நம்ப வேண்டாம், பலர் வயிற்றுக்குக் கீழேதான் பட்டி கட்டுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபின், அளவுநாடாவால் அளந்து பாருங்கள்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

கலியாண ஆல்பத்தில் இருக்கும் இருபத்தைந்து வயது உருவத்தை இலக்காக வைக்க வேண்டாம். இப்போதுள்ள எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் நல்ல மாற்றம் காட்டும். 80 கிலோ உள்ளவருக்கு இது 4 முதல் 8 கிலோ மட்டுமே.

அமெரிக்காவில் 3234 பேரைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 வீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. மாத்திரை எடுத்த குழுவில் 31 வீதமே குறைந்தது.

எம்மவருக்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் வைத்திய கலாநிதி அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்குபற்றினார்கள். தினமும் அரைமணி நேர நடை, சீனியும் வெள்ளை மாவும் எண்ணெயும் குறைத்தல், நார்ச்சத்துக் கூட்டல், இவ்வளவுதான் அவர்களில் ஒரு குழுவினருக்குச் சொல்லப்பட்டது. மூன்று ஆண்டுகளில், ஒன்றும் மாற்றாதவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளரானார்கள். பழக்கத்தை மாற்றியவர்களில் அது 39ஆக இருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், இவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! அதாவது தராசு முள் அசையாவிட்டாலும் நல்ல பழக்கம் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. "இரண்டு கிழமை நடந்தும் ஒரு இறாத்தலும் குறையேல்லை" என்று நடையை நிறுத்துபவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

எமது தட்டை மாற்றி அடுக்குவோம்

கனடா அரசு 2019இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி மிகவும் எளிமையானது. தட்டில் பாதி மரக்கறியும் பழமும், கால் பங்கு புரதம், கால் பங்கு தவிடு நீக்காத தானியம், குடிப்பதற்குத் தண்ணீர். எமது தட்டைப் பாருங்கள். முக்கால் பங்கு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கறி, விளிம்பில் கொஞ்சம் வறை. ஒன்றையும் விலக்கத் தேவையில்லை. இடத்தை மாற்றினாலே பெரிய வேலை முடிந்துவிடும்.

• தட்டில் முதலில் வறையையும் மரக்கறியையும் போடுங்கள். கோவா வறை, கீரை, போஞ்சி, பாகற்காய், வெண்டிக்காய், எதுவும் நல்லது. அடுத்து மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, கடலை, பயறு. மிச்சமுள்ள இடத்தில் சோறு. ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி. குவித்துப் போடும் தட்டில் மூன்று கப் இலகுவாக அடங்கிவிடும். இப்போது மூன்று கப் சாப்பிடுபவர் ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு கப்புக்கு வரட்டும். ஒரு மாதம் பழகிய பின் ஒன்றரைக்கு வரலாம்.

• உருளைக்கிழங்கு மரக்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். சோறு, உருளைக்கிழங்குக் கறி, அப்பளம் மூன்றும் சேர்ந்தால் அது மூன்று மடங்கு மாச்சத்து.

• இடியப்பமும் புட்டும் எமது உயிர். விட வேண்டாம். வெள்ளைக் கோதுமை மாவுக்குப் பதிலாகச் சிவப்பரிசி மா, குரக்கன் மா, ஆட்டா மா என்று மாற்றலாம், அல்லது பாதிக்குப் பாதி கலக்கலாம். புட்டோடு சீனியும் வாழைப்பழமும் என்றில்லாமல் கடலைக்கறி, மீன்குழம்பு என்று சாப்பிட்டால் பசி நீண்ட நேரம் தாங்கும்.

• போத்தலில் இருந்து நேரே தாச்சிக்குள் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தி, மேசைக்கரண்டியால் அளந்து விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கத்தரிக்காயைப் பொரிப்பதற்குப் பதிலாக எண்ணெய் தடவி அவண் அடுப்பில் வாட்டிக் குழம்பு வைத்துப் பாருங்கள்.

• ரின்னில் வரும் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப்பில் 400 கலோரிக்கு மேல் உண்டு. ஊரில் நாம் பிழிந்த இரண்டாம் பால், மூன்றாம் பாலை நினைத்துக்கொண்டு, தண்ணீர் கலந்து பாவியுங்கள். சொதியின் சுவை தேசிக்காயிலும் கறிவேப்பிலையிலும் பாதி இருக்கிறது.

• தேநீர். இதைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நாளுக்கு நான்கு கப், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் எட்டுத் தேக்கரண்டி, சுமார் 32 கிராம். நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்துவது சிறந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆலோசனை. அதாவது வேறு இனிப்பு ஒன்றும் தொடாமலே தேநீரில் மட்டும் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, இரண்டு கிழமை கழித்து ஒன்றாக்குங்கள். நாக்கு பழகிவிடும்.

சாப்பிடும் வேகமும் முக்கியம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிடம் எடுக்கும். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் தள்ளி வைத்து, குடும்பமாக இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டால் அந்தச் செய்தி காதில் விழும். திருவள்ளுவர் "மருந்து" என்று ஓர் அதிகாரம் வைத்து, அதில் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகிறார். முன்பு சாப்பிட்டது செரித்த பிறகு, நன்றாகப் பசித்த பிறகு, அளவறிந்து சாப்பிடச் சொல்கிறார். இன்றைய பயிற்சிகள் சொல்வதும் அதுவே.

கலியாண வீடும் பிறந்தநாள் விழாவும்

எமது வாழ்வில் கொண்டாட்டங்களுக்குக் குறைவில்லை. கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், கோடையில் கோயில் திருவிழா, பூங்காவில் ஒன்றுகூடல். இவற்றுக்குப் போகாமல் இருக்க முடியாது, போகாமல் இருக்கவும் கூடாது. ஆகவே இவற்றையும் உள்ளடக்கியதாகவே எமது முறை இருக்க வேண்டும்.

விருந்துக்குப் போவதற்காகக் காலையிலிருந்து பட்டினி கிடக்காதீர்கள். அகோரப் பசியோடு போனால் வாசலில் வரும் சிற்றுண்டித் தட்டிலேயே கணக்கு முடிந்துவிடும். வீட்டிலேயே ஒரு பழமோ ஒரு கிண்ணம் அவித்த கடலையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். றோல்ஸ், பற்றீஸ், கட்லட் மூன்றும் எப்போதும் கிடைப்பவைதான், மிகவும் பிடித்த ஒன்றைத் தெரிவு செய்து ரசித்துச் சாப்பிடுங்கள். சோடாவுக்குப் பதிலாகத் தண்ணீர் எடுங்கள். ஒரு ரின் கோலாவில் மட்டும் 39 கிராம் சீனி உண்டு. அன்று கூடிவிட்டால் கவலைப்பட வேண்டாம், அடுத்த நாள் தண்டனைப் பட்டினியும் வேண்டாம். அடுத்த வேளை வழக்கமான தட்டுக்குத் திரும்புங்கள். ஒரு கிழமையில் 21 வேளைச் சாப்பாடு உண்டு. அதில் இரண்டு விருந்தானால் 19 வேளை உங்கள் கையில்தான் இருக்கிறது.

விருந்து வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டே?" என்று ஒருமுறை கேட்பது உபசாரம். "எங்கட வீட்டுச் சாப்பாடு பிடிக்கேல்லையோ?" என்று மூன்றாம் முறை கேட்பது வற்புறுத்தல். போதும் என்று சொல்பவரை விட்டுவிடுங்கள். அதேபோல "என்ன, நல்லாப் பருத்திட்டீர்" என்று சபையில் சொல்வதையும், மெலிந்தவரைப் பார்த்து "ஏதும் வருத்தமோ?" என்று கேட்பதையும் தவிர்ப்போம். வளரும் பெண்பிள்ளைகளின் மனதில் இந்தச் சொற்கள் வருடக்கணக்காக நிற்கின்றன. பிள்ளைகளுக்குத் தனியாக டயற் வேண்டாம், வீட்டுச் சமையல் மாறினால் அவர்களும் தாமாகவே மாறுவார்கள்.

இரவு வேலையும் பனிக்காலமும்

எம்மவரில் பலர் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரவு வேலை செய்பவர்கள். சிலர் இரண்டு வேலை செய்பவர்கள். பதினொரு மணிக்குக் களைத்து வந்து பெரிய சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பது வழக்கமாகிவிடுகிறது. இவர்களுக்கு "ஏழு மணிக்குள் சாப்பிடுங்கள்" என்ற அறிவுரை உதவாது. வேலைக்குப் போகுமுன் அல்லது இடைவேளையில், வீட்டிலிருந்து கொண்டுபோன பெட்டிச் சாப்பாட்டைப் பிரதான சாப்பாடாக ஆக்குங்கள். திரும்பி வந்தபின் பசித்தால் சூப், தயிர், பழம் போன்ற இலேசான ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கறி, ஒரு பருப்பு சமைத்துச் சிறு பெட்டிகளில் உறைய வைத்தால் கிழமை முழுதும் உதவும். நித்திரையும் மருந்துதான். நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். 2020இல் வெளியான கனடிய வழிகாட்டி, 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேர நித்திரையும், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் சொல்கிறது.

மொன்றியலில் கார்த்திகை முதல் பங்குனி வரை நடப்பது இலகுவல்ல. நடைபாதையெல்லாம் பனிக்கட்டி. விழுந்து கையை முறித்தால் நடையே நின்றுவிடும். வழுக்காத அடியுள்ள சப்பாத்து இல்லாமல் முதியவர்கள் வெளியே நடக்க வேண்டாம். பேரங்காடிக்குள் நடக்கலாம். நகர மையத்தில் மெற்றோ நிலையங்களை இணைக்கும் நிலக்கீழ் நடைபாதைகள் 30 கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றன, அங்கு நடக்கலாம். மெற்றோவில் மின்படியை விட்டுப் படியில் ஏறலாம். சாப்பிட்டபின் பத்து நிமிடம் வீட்டுக்குள் நடந்தாலும் இரத்தச் சர்க்கரைக்கு நல்லது. கோடை வந்ததும் ஜறி பூங்கா, மொன்-றோயால் மலை என்று குடும்பமாகப் போகலாம். ஜோன்-ரலோன் சந்தையில் ஆவணி, புரட்டாதி மாதங்களில் வரும் மரக்கறிகளை மலிவாக வாங்கி, அவித்து உறைய வைத்தால் குளிர்காலத்திற்கும் வறை உண்டு.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகள் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் சாப்பாட்டைத் தவிர்க்கவோ சோற்றைத் திடீரென நிறுத்தவோ கூடாது. சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து மயக்கம் வரலாம். சில புதிய மாத்திரைகளை எடுப்பவர்கள் மாச்சத்தை முற்றாக நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைக்க முயல வேண்டாம். ஒரு முயற்சியும் செய்யாமல் எடை குறைந்தால், அதுவும் தாகத்தோடும் அடிக்கடி சலம் கழிப்பதோடும் குறைந்தால், மகிழ்ச்சி அடையாமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது எடை குறைக்கும் ஊசியைப் பற்றி. செமகுளுரைட் என்ற மருந்து கனடாவில் 2018இல் நீரிழிவுக்காகவும், 2021இல் எடைக்குறைப்புக்காகவும் அங்கீகரிக்கப்பட்டது. தேவையானவர்களுக்கு வைத்தியரின் மேற்பார்வையில் இது நல்ல உதவி. உடற்பருமன் நீண்டகால நோய்தான், சோம்பேறித்தனம் அல்ல என்று 2020இல் வெளியான கனடிய மருத்துவ வழிகாட்டியும் கூறுகிறது. ஆனால் ஊசியை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் பழக்கம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மருந்தை வாங்கிப் போடுவது அறவே கூடாது.

உதவி தேவையானால் 811 இலக்கத்தை அழைத்து இன்ஃபோ-சாந்தே தாதியுடன் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். உங்கள் பகுதி சி.எல்.எஸ்.சி. நிலையத்தில் உணவு ஆலோசகரைச் சந்திக்க முடியுமா, மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்ய முடியுமா என்று விசாரியுங்கள். கியூபெக்கில் "நியூற்றிஷனிஸ்ட்" என்ற பட்டத்தை அதற்குரிய தொழில்முறை ஒழுங்கமைப்பில் பதிவு உள்ளவர்கள் மட்டுமே பாவிக்கலாம். தூளும் பானமும் விற்பவர்கள் தம்மை ஆலோசகர் என்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்தக் கிழமை ஒன்றே ஒன்று

இவ்வளவையும் ஒன்றாகத் தொடங்கினால் அதுவும் ஒரு விரதமாகிவிடும்! இந்தக் கிழமை ஒன்றை மட்டும் எடுங்கள். தேநீரில் அரைக்கரண்டி சீனி குறைப்பதாக இருக்கலாம், தட்டில் வறையை முதலில் போடுவதாக இருக்கலாம், சாப்பிட்டபின் பத்து நிமிட நடையாக இருக்கலாம். அது கையும் காலும் போலப் பழகிய பிறகு அடுத்ததை எடுங்கள். வாரத்தில் ஒரு நாள், காலையில், அதே தராசில் எடை பாருங்கள். மாதத்திற்கு ஒரு கிலோ குறைந்தால் அது வெற்றிதான். குறையாமல் அப்படியே நின்றாலும், வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்தது நின்றிருக்கிறதே, அதுவும் வெற்றிதான்.

நாம் முதலில் சொன்ன குடும்பத்தலைவி இப்போது சோறு சாப்பிடுகிறார். கலியாண வீட்டில் றோல்ஸும் சாப்பிடுகிறார், ஒன்று மட்டும். இரண்டு வருடத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. இந்த முறை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. ஆனால் அந்த ஐந்து கிலோ இன்னும் திரும்பி வரவில்லை. நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பதைச் சிறுவயதில் படித்தோம். அச்செல்வத்தைச் சிறுகச் சிறுகச் சேர்ப்போம்.